காசு 6000க்கு, ஓட்டம் 4800க்கு

எங்கள் வீட்டில் என் பேச்சு எடுபடுகிற விஷயம் ஒன்றே ஒன்று உண்டு: கம்ப்யூட்டருக்கு எந்த ரேம் வாங்குவது என்பது. சுவருக்கு என்ன பெயின்ட், எந்தக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், குக்கரை எத்தனை விசிலில் இறக்குவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமலே முடிவாகிவிடும். முடிவான பிறகு எனக்கும் ஒரு வார்த்தை சொல்வார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை. ரேமை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். என் அறிவின் மேல் உள்ள மதிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வேலை வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

கிடைத்த ஒரே அதிகாரத்தை நான் அளவோடு பயன்படுத்துவதில்லை என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. புகாரில் உண்மை இருக்கிறது.

மகள் பி.ஆர்க். மூன்றாம் வருஷம். அவள் வரைகிற கட்டடங்கள் பழைய கம்ப்யூட்டரில் அசைய மறுத்தன. "அப்பா, மாடலைச் சுத்தினா ஃபேன்தான் சுத்துது" என்றாள். புதுசு வாங்க வேண்டும் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடே இல்லை. "நாமே அசெம்பிள் பண்ணிடலாம்" என்று நான் சொன்னேன், அப்புறம்தான் வந்தது.

"கடையில ரெடியா இருக்கிறதை வாங்கினா என்ன?" என்றாள் என் மனைவி.

"உள்ள என்ன ரேம் போட்டிருக்கான்னு தெரியாதே."

"தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

தெரிந்துகொள்வதற்கு மேல் அதில் பண்ண ஒன்றும் இல்லை. அதை வெளியே சொல்ல முடியுமா? "உனக்குப் புரியாது" என்றேன். எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. அந்த உற்சாகத்தில்தான் இறங்கினேன்.

பரண் மேல் நீல நிற பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. ஊரில் எல்லா வீட்டிலும் அந்த டப்பாவுக்குள் ஊசியும் நூலும் பித்தானும் இருக்கும். எங்கள் வீட்டில் ரேம். காலமான ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் கழற்றி, ரப்பரால் அதன் பித்தளை நிறப் பல்வரிசையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, நான் பத்திரப்படுத்தியவை. மனைவி அதை இறக்கி என் முன்னால் வைத்தாள். "இத்தனை கிடக்குதே, இதுல நல்லதா ரெண்டை எடுத்துப் போடுங்க."

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விளக்கினேன். அடியில் கிடந்தது எஸ்டிரேம்: 168 பின், 3.3 வோல்ட், பென்டியம் காலத்துச் சொத்து. அதற்கு மேல் முதல் டிடிஆர்: 184 பின், 2.5 வோல்ட். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். ஆனால் ஒன்றுக்கு 1.8 வோல்ட், மற்றதற்கு 1.5. டிடிஆர்4க்கு 288 பின், 1.2 வோல்ட். இப்போது கடையில் கொடுக்கிற டிடிஆர்5க்கும் அதே 288 பின்தான். வோல்ட் மட்டும் 1.1.

"பின் ஒண்ணாத்தானே இருக்கு? அப்போ நாலை அஞ்சுல போடலாம்ல?"

கேள்வி நியாயமானது. ரேமின் அடிவிளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை அதைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிடுவார்கள், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. ஜெடெக் என்கிற அமைப்பு இதையெல்லாம் வகுக்கிறது; டிடிஆர்4க்கு 2012இலும் டிடிஆர்5க்கு 2020இலும் இலக்கணம் எழுதியது. வெட்டைத் தள்ளி வைத்த புண்ணியவான்கள், அழுத்திப் பிடித்தால் எதுவும் இறங்கிவிடும் என்று நம்புகிற குடும்பத் தலைவர்களை மனத்தில் வைத்தே அதைச் செய்திருக்க வேண்டும். வெட்டு மட்டும் இல்லை, உள்ளே மின்சார ஏற்பாடே மாறிவிட்டது. டிடிஆர்4 வரைக்கும் வோல்டேஜைச் சரிசெய்து கொடுப்பது மதர்போர்டின் வேலை. டிடிஆர்5இல் அந்தப் பொறுப்பை ரேமின் மேலேயே ஒரு சிப்பாக ஒட்டிவிட்டார்கள்.

"அப்போ இதெல்லாம் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"தேவைப்படும்."

"எதுக்கு?"

டப்பா மறுபடியும் பரணுக்குப் போனது.

போர்டு எது என்று முடிவு செய்துவிட்டால் ரேமின் தலைமுறை தானாக முடிவாகிவிடும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5, பேச்சுக்கே இடமில்லை. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில்தான் வில்லங்கம். அதில் உட்காரும் 12, 13, 14ஆம் தலைமுறை சிபியுக்கள் இரண்டு ரகத்தோடும் ஒத்துப்போகும். ஆனால் போர்டு பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். ஒரே பெயரில் இரண்டு போர்டு இருக்கும், ஒன்றின் பெயருக்குப் பின்னால் டி4 என்று ஒரு வால். அந்த வாலைக் கவனிக்காமல் டிடிஆர்5 வாங்கிக்கொண்டு போனால், வெட்டு இடம் மாறி நிற்கும். நாங்கள் ஏஎம்5 எடுத்தோம். நாங்கள் என்றால் நான்.

அடுத்தது போர்டு கம்பெனிகள் வெளியிடுகிற பட்டியல். எந்தெந்த ரேமைப் போட்டுப் பார்த்தோம், எந்த வேகத்தில் ஓடியது, இரண்டு போட்டால் ஓடியதா, நாலு போட்டால் ஓடியதா என்று க்யூவிஎல் என்ற பெயரில் போர்டுக்கு ஒன்று போட்டிருப்பார்கள். நான் எங்கள் ஆபீஸ் பிரின்டரில் அதை எடுத்தேன். பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது, மேனேஜர் வந்து நின்று, "ஆடிட்டா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு ரேமுக்கும் எழுத்தும் எண்ணும் கோடும் கலந்து ஒரு பார்ட் நம்பர். அதில் கடைசி எழுத்து மாறினால் வெறும் நிறம் மாறியிருக்கலாம். உள்ளே டைமிங்கே மாறியிருக்கவும் கூடும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். இத்தனை அக்கறையோடு நான் வீட்டுக் கடன் பத்திரத்தைப் படித்ததில்லை. படித்திருந்தால் வட்டியில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

பட்டியலில் இல்லாத ரேம் ஓடாது என்று அர்த்தமில்லை. கையில் கிடைத்ததைச் சோதித்து எழுதுகிறார்கள், உலகத்திலுள்ள அத்தனை ரேமையும் யாராலும் சோதிக்க முடியாது. பட்டியலில் இருந்தால் நிம்மதி, அவ்வளவுதான். இல்லையென்றால் ரேம் கம்பெனிக்காரன் தன் பங்குக்கு எந்தெந்த போர்டைச் சொல்லியிருக்கிறான் என்று அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரேமின் உயரத்தையும் பார்த்தேன். சிபியு மேல் உட்காரும் கூலர் பருமனாக இருந்து, ரேமுக்கு மாட்டியிருக்கும் அலுமினியக் கவசமும் உயரமாக இருந்தால் இரண்டும் இடிக்கும். மனைவியின் தையல் டேப்பை எடுத்து மில்லிமீட்டர் பார்த்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டாள்.

எத்தனை ஜிபி என்று வந்தபோது வாக்குவாதம் சூடு பிடித்தது. நான் 32 என்றேன்.

"இப்போ 16 போடுங்க. போதலைன்னா அப்புறம் இன்னொரு 16 சேர்த்துக்கலாம். நாலு ஸ்லாட் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

குடும்பம் நடத்தத் தெரிந்தவளின் யோசனை. பழைய தலைமுறைகளில் எடுபட்டிருக்கும். டிடிஆர்5 மட்டும் இந்தச் சிக்கனத்துக்கு மசியாது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியே போட்டிருக்கும் கணக்கு: இரண்டு ரேம் என்றால் 5200 வேகம் வரை பொறுப்பேற்கிறோம், நாலு ரேம் என்றால் 3600தான். நாலையும் போட்டுவிட்டு அதற்கு மேல் ஓட்டுகிற தீரர்கள் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. அவர்கள் வீட்டில் கேள்வி கேட்க ஆள் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உலகத்தின் ரேம் சிப்புகளில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள்தான் செய்கின்றன. அதை வாங்கிப் பலகையில் பதித்து, கவசம் மாட்டி, பெயர் ஒட்டி விற்பவர்கள் பலர். அதனால் அடுத்த வருஷம் அதே பெயரில், அதே நிறத்தில் வாங்கினாலும் உள்ளே வேறொருவர் சிப் இருக்கலாம்; இரண்டும் கூடிப் போகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆகையால் வேண்டியதை ஒரே பெட்டியில், ஜோடியாக, ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் சொன்னேன். நேர்மையாகத்தான் சொன்னேன். பட்ஜெட்டைக் கூட்ட நான் கட்டிய கதை என்று அவள் இன்றுவரை நம்புகிறாள்.

32ஐ ஒரே ரேமாக வாங்காமல் 16, 16 என்று எடுப்பதற்கும் காரணம் உண்டு. சிபியுவுக்கும் ரேமுக்கும் நடுவில் இரண்டு சேனல். ஒரு ரேம் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். 6000 என்ற வேகத்துக்கு ஒரு ரேம் நொடிக்கு 48,000 மெகாபைட் தர முடியும். அந்த எண்ணை எட்டால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஜோடியாகப் போட்டால் 96,000. வேகத்தைப் பற்றி விடிய விடியப் படித்துவிட்டு ஒற்றை ரேமை மாட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

வேகம் என்று வந்துவிட்டதால் சமையலறையில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 6000இலேயே சிஎல்30, சிஎல்36 என்று இரண்டு ரகம். சிஎல் குறைய குறைய விலை ஏறும். "நம்பர் குறைஞ்சா விலை ஏறுமா?" என்று மனைவி கேட்டாள். தோசைக் கல் அடுப்பில் இருந்தது. எனக்கு விளக்கம் கையருகிலேயே கிடைத்துவிட்டது.

"இப்போ நான் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்தேன்னு வை. முதல் தோசை தட்டுக்கு வர ஒரு நேரம் ஆகும். வர ஆரம்பிச்ச அப்புறம் நிமிஷத்துக்கு எத்தனை தோசை வருதுங்கிறது வேற கணக்கு. பெட்டி மேல பெரிசா 6000னு போடுறது ரெண்டாவது கணக்கு. சிஎல்ங்கிறது முதல் தோசைக்கு."

கேஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டினேன். சிஎல்லை 2000ஆல் பெருக்கி, பெட்டி மேல் உள்ள வேகத்தால் வகுத்தால் எத்தனை நானோ நொடி காத்திருப்பு என்று வரும். 6000, சிஎல்30: பத்து நானோ நொடி. சிஎல்36 என்றால் பன்னிரண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வத்தில் பரண் டப்பாவின் குலவரலாற்றையும் போட்டுப் பார்த்தேன். டிடிஆர்4 3200, சிஎல்16: பத்து. டிடிஆர்3 1600, சிஎல்8: பத்து. டிடிஆர்2 800, சிஎல்4: பத்து. முதல் டிடிஆர் 400, நல்ல ரகம் சிஎல்2: அதுவும் பத்து.

மனைவி கேஸ் பில்லை வாங்கிப் பார்த்தாள். "அப்போ இருபது வருஷத்துக்கு மேலயா முதல் தோசை அதே நேரத்துலதான் வருது?"

"ஆமா. ஆனா அதுக்கப்புறம் பதினஞ்சு மடங்கு வேகமா வரும்."

"உங்களுக்கு எத்தனை வேணும்?"

"மூணு."

"அப்புறம் எதுக்கு?"

அதன் உள்விவகாரத்தை அங்கே நின்று விளக்கியிருந்தால் மூன்றும் கிடைத்திருக்காது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு துளி மின்சாரம் பிடித்து வைக்கிற ஒரு கெப்பாசிட்டர்: ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. ரேமின் அடிப்படை இன்றைக்கும் அதுதான். அந்தத் துளி இருக்கிறதா இல்லையா என்று உணர்ந்து சொல்ல ஆகிற நேரம் பெரிதாகக் குறையவில்லை. துளி கசிந்துகொண்டும் இருக்கும். அதனால் நொடிக்குப் பல தடவை எல்லாவற்றையும் புதுப்பித்தபடி இருக்க வேண்டும். இஞ்சினியர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒரே எடுப்பில் உள்ளிருந்து நிறைய அள்ளி, வெளிவாசலில் வேகவேகமாகத் தள்ளிவிடக் கற்றுக்கொண்டார்கள். பெட்டி மேல் எண் ஏறிக்கொண்டே போவது வெளிவாசல் கணக்கு.

இத்தனை ஆராய்ச்சியும் முடிந்து நான் வாங்கக் கிளம்பிய நேரம், 2025இன் கடைசி. உலகமெங்கும் செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டுகிற தரவு மையங்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போக, ரேம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியிருந்தது. அந்த டிசம்பரில் மைக்ரான், தன் குரூசியல் ரேம்களைப் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்திக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பட்டியலைப் படிக்காமல் முன்பே வாங்கியிருந்தால் பாதி பணம் மிச்சம் என்று மச்சினன் பெங்களூரிலிருந்து போன் போட்டுச் சொன்னான். நல்ல செய்தி சொல்ல அவன் போன் பண்ணி நான் பார்த்ததில்லை. பழைய டிடிஆர்4க்கும் விலை கூடியிருக்கிறது என்று கூடவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அன்று மாலை பிஸ்கட் டப்பா பரணிலிருந்து இறங்கி, பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. சாவி என்னிடம் இல்லை.

கிண்டியில் மெட்ரோ பிடித்து, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு முதுகு கொஞ்சம் நிமிரும். இந்தப் பக்கம் கேபிள் சுருள், அந்தப் பக்கம் சிசிடிவி, தலைக்கு மேல் போர்டுக்கு மேல் போர்டு, நடுவில் கேபினெட் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வழி கேட்காமலே வழி வாங்குகிற ஆட்கள். மாடிப்படி ஏறி ஒரு சின்னக் கடையில் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பையனுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நான் பைக்குள் கையை விட்டு, நூலால் கட்டிய க்யூவிஎல் கட்டை வெளியே எடுத்தேன்.

"எந்த போர்டு சார்?" என்றான் அவன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொன்னேன்.

"சிபியு?"

சொன்னேன்.

"16 ரெண்டு, 6000, சிஎல்30, எக்ஸ்போ கிட். லைட் வேணுமா, வேணாமா?"

கட்டின் நூலைக்கூட நான் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. ஏன் 6000 என்று மட்டும் கேட்டேன், அவனுக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்று. "ஏஎம்5க்கு அதுதான் சார் கரெக்ட்டா நிக்கும். மேல போனா உங்களுக்குத்தான் தலைவலி." ஏஎம்டிக்காரர்களும் ரைசன் 7000 வந்தபோது இதையேதான் சொன்னார்கள், 6000 வரைக்கும் சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு சரிக்குச் சமமாக ஓடும். அவர்கள் சொல்லிப் புரிந்துகொள்ள எனக்கு ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

லைட் வேண்டாம் என்றேன். இந்தக் காலத்தில் இருட்டான ரேம் கிடைப்பது எளிதாக இல்லை. தேடி எடுத்துத் தந்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வரில் கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேமை எடுத்துப் போனால் வீட்டு போர்டில் வேலை செய்யாது என்று பக்கத்தில் நின்றவரிடம் எச்சரித்துக்கொண்டும் இருந்தான். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டியோடு இரண்டு ரேமின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்கினேன். வாரன்டி என்று போய் நிற்கும்போது அந்த நம்பர்தான் பேசும்.

அசெம்பிள் செய்வது சாப்பாட்டு மேஜையில் என்று ஏற்பாடு. இரவு எட்டு மணிக்குள் மேஜை காலியாக வேண்டும் என்பது நிபந்தனை. சிபியு உட்கார்ந்தது, எஸ்எம்பிஎஸ் ஏறியது. ரேம் மாட்டும்போது மட்டும் மகளைக் கூப்பிட்டேன், பார்க்க ஆள் வேண்டாமா? நாலு ஸ்லாட்டில் இரண்டு ரேம் என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். போர்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும். முதல் இரண்டு ஸ்லாட்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும். காசு ஜோடிக்கு, வேலை ஒற்றைக்கு. வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். 'டக்' என்று கிளிப் விழுகிற வரைக்கும் அழுத்த வேண்டும். அந்த டக்குக்கு முந்தின விநாடியில் போர்டு லேசாக வளையும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போன பொருள் கண்ணெதிரில் வளைவதைப் பார்ப்பதற்குத் தனி மனத்திடம் வேண்டும். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான்.

சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. போர்டில் டிரேம் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு ஆரஞ்சு விளக்கு, எரிந்தது எரிந்தபடி.

"என்னாச்சு?" என்று மனைவி வந்தாள். அம்மாவும் வந்தாள். எதிர்வீட்டுக்காரர் பால் கவர் கொடுக்க வந்தவர், விஷயம் பெரிசு என்று தெரிந்ததும் நின்றுவிட்டார்.

"ட்ரெயினிங் நடக்குது" என்றேன்.

"யாருக்கு?"

ரேமுக்கு. டிடிஆர்5 ஓடுகிற வேகத்தில், கம்பியின் நீளத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சிக்னல் முன்னே பின்னே வந்து சேரும். அதனால் முதல் தடவை மின்சாரம் வந்ததும் மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு கம்பியிலும் தகவலை அனுப்பி, வாங்கி, எந்த நொடித்துணுக்கில் படித்தால் சரியாக வருகிறது என்று பழகிக்கொள்ளும். ஏஎம்5இல் அதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதறிப்போய் அணைத்தால் முதலிலிருந்து பாடம் ஆரம்பிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். நிதானமாக எடுத்தும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் சற்று மேலே போனதாக மகள் பிற்பாடு தெரிவித்தாள். அம்மா கேபினெட்டின் நெற்றியில் திருநீறு பூசினாள். அதற்குச் சற்று நேரத்தில் திரையில் எழுத்து வந்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியும் என்று பெயர்.

பயாஸ் திரையைப் பெருமையோடு காட்டினேன். 32 ஜிபி. வேகம் என்ற இடத்தில் 4800.

மனைவியின் கண் எண்களில் தவறாது. மளிகைக் கணக்கில் ஊறிய கண். "நீங்க வாங்கினது 6000 ஆச்சே?"

"ஆமா, அது வந்து..."

"காசு 6000க்குக் கொடுத்தீங்க. ஓடுறது 4800. மீதியை எப்போ திருப்பித் தருவாங்க?"

ரேம் வியாபாரத்தை ஒரே வரியில் இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை. ரேமில் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. ஜெடெக் இலக்கணப்படியான சாதுவான வேகம் அதில் எழுதியிருக்கும். போர்டு முதலில் அதைப் படித்து, அதன்படி ஓட்டும். பெட்டி மேல் அச்சடித்த வேகம் அதே சிப்பில் தனிப் பக்கமாக இருக்கும். இன்டெல் 2007இல் ஆரம்பித்த எக்ஸ்எம்பி, ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த எக்ஸ்போ இரண்டும் அந்தப் பக்கத்தின் பெயர்கள். நாமாகப் பயாஸுக்குள் போய், "அந்தப் பக்கத்தைப் படி" என்று சொன்னால்தான் படிக்கும். சொல்லாவிட்டால் ஆயுசு பூராவும் 4800தான். எத்தனை வீட்டில் 3200 என்று வாங்கின ரேம் இன்றைக்கும் 2133இல் நடை போட்டுக்கொண்டிருக்கிறதோ! யாரும் ஏமாற்றவில்லை; நாம் கேட்கவில்லை, அது கொடுக்கவில்லை.

எக்ஸ்போவைத் தட்டினேன். வோல்டேஜ் 1.1இலிருந்து 1.35க்கு ஏறியது, வேகம் 6000 ஆனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வசதியை ஏற்படுத்திய ஏஎம்டியே, நிர்ணயித்த அளவுக்கு மேல் ஓட்டினால், நாங்கள் கொடுத்த வசதியாலேயே ஓட்டினாலும், எங்கள் வாரன்டி செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை மட்டும் நான் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை.

மச்சினனுக்கு அன்றிரவே ஸ்கிரீன்ஷாட் போனது. சிபியு-ஸெட் என்ற நிரலைத் திறந்து, மெமரி பக்கத்தை எடுத்து அனுப்பியிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் போன். "மாமா, பாதிதான் ஓடுது. 3000னு காட்டுது பாருங்க." அவன் சந்தோஷத்தை மறைக்கவே இல்லை. இதற்காகத்தான் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். டிடிஆர் என்றால் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் போகும். துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ், தகவல் 6000. பெட்டி மேல் இருக்கிற எண் மெகாஹெர்ட்ஸே கிடையாது. "நீ ஐடியிலதானே இருக்கே?" என்று கேட்டு வைத்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவனை நான் வென்றது அன்றைக்குத்தான்.

படுக்கப் போவதற்கு முன் பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு ஓடவிட்டேன். இலவசப் பதிப்பு நாலு சுற்று வரை சோதிக்கும். சிவப்பாக ஒரு வரி வந்தால் ரேமிலோ வேகத்திலோ கோளாறு. நடுராத்திரியில் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். சர்க்கரை செக் பண்ணச் சொல்லி அம்மா காலையில் வற்புறுத்தினாள்.

மகள் வேலையை ஆரம்பித்தாள். கட்டடம் சுற்றியது. கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் சேர்ந்தே சுற்றியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்பீடா இருக்காம்மா?"

"சூப்பரா இருக்குப்பா. எஸ்எஸ்டி மாத்தினதாலதான் இருக்கும்."

அவள் சொன்னதில் தவறில்லை என்பதுதான் வருத்தம். ஒரு நாள் அவள் இல்லாதபோது எக்ஸ்போவை அணைத்து 4800க்கே இறக்கி வைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. திரும்ப ஏற்றினேன், அதுவும் தெரியவில்லை. அவள் பழைய கம்ப்யூட்டர் திணறியது ஜிபி போதாமல். 32 வந்ததும் திணறல் நின்றது. வேண்டிய அளவு ஜிபி, ஜோடியாக இரண்டு, சரியான ஸ்லாட், பயாஸில் ஒரு தட்டு. இதற்கு மேல் 6000க்கும் 6400க்கும், சிஎல்30க்கும் 28க்கும் நடுவே உள்ள பேதம், சில விளையாட்டுகளிலும் அளவுகோல் நிரல்களிலும், வீட்டில் வேறு எதிலும் பேச்சு எடுபடாத ஆண்களிடத்திலும்தான் தெரியவரும்.

போன மாதம் பத்திரிகை வைக்க ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே மனைவி, "ஹாலோட நிறுத்திக்குங்க" என்றாள். நான் ஹாலோடுதான் நின்றேன். கம்ப்யூட்டரை அவர்கள் ஹாலில் வைத்திருந்தார்கள். காபி வருவதற்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டேன்: 16 ஜிபி, நாலில் இரண்டு ஸ்லாட், வேகம் 2133. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், ரேம் இரண்டும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணே, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

அண்ணி என் மனைவியின் பக்கம் திரும்பி, "தம்பிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியிலயா வேலை?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதுறார்" என்றாள் அவள். "நீங்க இலையைப் போடுங்க. இது முடிய நேரமாகும்."